கோழி வைத்த காவல்



சித்திரை வெயிலில் எங்கள் அமராவதிபுதூரில் காலையில் காய்ச்சிய பாலை மத்தியானம் ஒரு தரம் சூடு காட்டாவிட்டால் சாயங்காலம் திரிந்து போகிறது. மத்தியானம் வைத்த குழம்பு ராத்திரிக்கு நுரை தட்டுகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும்.

ஆனால் அதே வெயிலில், எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நாட்டுக்கோழி 11 முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. முதல் முட்டை இட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அது அடைக்கே உட்கார்ந்தது. அதற்குப் பிறகு 21 நாள். அடியில் வைக்கோல், மண், போதாக்குறைக்கு எச்சம். முட்டைக்குக் கிடைப்பதோ நம் உடம்புச் சூடு. கிருமி வளர இதைவிட வசதியான இடம் உண்டா? இருந்தும் ஒரு மாதத்துக்கு மேல் அந்த முட்டைகள் கெடவில்லை. ஒன்றே ஒன்று கூமுட்டை ஆயிற்று. மற்ற பத்தும் குஞ்சாகிக் கொல்லை முழுக்க ஓடின.

"பால் கெடுது, குழம்பு கெடுது. முட்டை மட்டும் ஏம்மா கெடலை?" என்று என் இளைய மகள் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் படித்தது பத்தாம் வகுப்புதான். "எல்லாம் ஆண்டவன் செயல்டி, போய்ப் படி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி ஆவணி மாதம் திரும்பி வந்து என் முன்னாலேயே நின்றது. அவள் பெரியவளானாள். வீடு கலகலப்பானது. மறுநாள் விடியற்காலையில் என் அயித்தை (மாமியாரை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு டம்ளரில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, அதன் மேல் நல்லெண்ணெயை விட்டு, பேத்தியின் முன்னால் நீட்டினார்கள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு ஆத்தா. இடுப்பு எலும்பு வலுக்கும்."

நானும் அந்த வயதில் குடித்தவள்தான். என் அம்மாவும் குடித்தவர்தான். ஆனாலும் என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. நான்கு வருஷத்துக்கு முன் என் தம்பி மகளுக்கும் இதே மாதிரி கொடுத்தார்கள். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி, அனலாய்க் காய்ச்சல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆயிற்று. நாங்கள் எல்லோரும் திருஷ்டி என்றோம். பார்த்த டாக்டரம்மா மட்டும், "பிள்ளைக்குப் பச்சை முட்டை ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டார். அப்போது அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று காலை டம்ளரைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. காரைக்குடியில் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும் என் மூத்த மகளும் வீட்டில் இருந்தாள். "பச்சையா வேண்டாம் அப்பத்தா, அவிச்சுக் கொடுங்க" என்றாள். அயித்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "நாலு தலைமுறையாக் குடிச்சவுகளுக்கு ஒண்ணும் ஆகலை. நேத்துப் படிச்சவ சொல்ல வந்துட்டா!" நல்ல நாளில் வீட்டில் மனஸ்தாபம். யார் பக்கம் பேசுவது? "ரெண்டு நாள் பொறுங்க அயித்தை, அதுவரைக்கும் உளுந்தங்களி கொடுப்போம்" என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த இரண்டு நாளில் என் மகளின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் நான் பாடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முட்டை ஒரு கோட்டை, சகோதரிகளே. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் 7,000 முதல் 17,000 வரை இருக்கின்றன. உள்ளே வளரும் குஞ்சு மூச்சு விட வேண்டுமே! அந்தத் துளைகள் வழியே கிருமி நுழையாதபடி, முட்டை இடும்போதே கோழி மேலே ஒரு மெல்லிய பூச்சு பூசி அனுப்புகிறது. ஓட்டை உரித்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சவ்வைப் பார்த்திருப்பீர்கள். அது இரண்டாவது தடுப்பு. இரண்டையும் தாண்டி வந்துவிட்ட கிருமிக்காகத்தான் வெள்ளைக்கரு காத்திருக்கிறது.

வெள்ளைக்கரு என்றால் ஏதோ சத்துள்ள வழவழப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் 100க்கு 88 பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதங்களில் பல, காவல் வேலையும் பார்க்கின்றன.

முதல் காவல்காரன் பெயர் லைசோசைம். இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1921ஆம் வருஷம் லண்டனில் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் என்ற டாக்டருக்கு ஜலதோஷம். தன் மூக்குச் சளியையே எடுத்து, கிருமி வளரும் தட்டில் வைத்துப் பார்த்தார். சளி பட்ட இடத்தில் மஞ்சள் நிறக் கிருமிகள் கரைந்து போயிருந்தன! பிறகு கண்ணீரில் தேடினார், எச்சிலில் தேடினார், முட்டை வெள்ளைக்கருவிலும் தேடினார். எல்லாவற்றிலும் இருந்தது. கண்ணீர் வேண்டும் என்பதற்காக, கூட வேலை பார்த்தவர்களின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்தாராம். (நம்மிடம் வெங்காயம் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்!) 1922இல் இதை வெளியிட்டார். பென்சிலின் கண்டுபிடித்தவரும் இவரேதான். ஆனால் அது 1928இல்தான் நடந்தது.

லைசோசைம் என்ன செய்கிறது? கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. சர்க்கரை இனத்துக் கண்ணிகளைச் சங்கிலியாகக் கோத்துக் கட்டிய சுவர். லைசோசைம் அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. சுவர் இளகியதும் வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே பாய்ந்து கிருமி வெடித்துப் போகிறது. இதன் உருவத்தை 1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்தார்கள். அதற்கு உதவியது கோழி முட்டை வெள்ளைக்கருதான். உலகத்தில் முதன்முதலாக உருவம் முழுக்கத் தெரியவந்த நொதி இதுவே. கிருமியின் சுவரை அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கண்டறிந்ததில் லூயிஸ் ஜான்சன் என்ற ஆராய்ச்சி மாணவிக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட இல்லை!

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசிய பூச்சு அது. நம் சுவரை மெருகேற்றும் அதே வெள்ளைக்கரு, கிருமியின் சுவரை இடித்துத் தள்ளுகிறது!

இரண்டாவது காவலுக்குப் பெயர் கொஞ்சம் நீளம், ஓவோடிரான்ஸ்ஃபெரின். வெள்ளைக்கருப் புரதத்தில் எட்டில் ஒரு பங்கு இதுதான். அடிதடி எதுவும் கிடையாது. அகப்பட்ட இரும்புச் சத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும் பெரிய ஆச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரும்பு இல்லாமல் பெரும்பாலான கிருமிகளால் பெருக முடியாது. பட்டினி போட்டே அடக்கிவிடுகிறது.

மூன்றாவது காவல் அவிடின். அளவில் மிகக் கொஞ்சம். ஆனால் பயோட்டின் என்ற வைட்டமினை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்கு அதுவும் கிடைக்காது.

நான்காவது, வெள்ளைக்கருவின் காரத்தன்மை. புளிப்புக்கு எதிர்ப்பக்கம் என்று சொல்லலாம். முட்டை இட்டவுடன் அதன் அளவு 7.6 போல, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஓட்டின் துளை வழியே கரியமில வாயு வெளியேற வெளியேற, சில நாட்களில் 9ஐத் தாண்டிவிடும். அந்தக் காரத்தில் பல கிருமிகளுக்குப் பிழைப்பு கஷ்டம். (இன்று இட்ட முட்டையை அவித்தால் ஓடு பிய்த்துக்கொண்டு வருவதும், நாலைந்து நாள் ஆன முட்டை சுலபமாக உரிவதும் இதனால்தான்.)

இவ்வளவு காவலும் எதற்காக? நடுவில் இருக்கும் மஞ்சள்கருவுக்காக. குஞ்சுக்கு வேண்டிய சாப்பாட்டில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கிருமிக்கும் அது கல்யாணச் சாப்பாடு! அதனால்தான் முட்டையை உடைத்தால் இரண்டு பக்கமும் திரித்த நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தெரிகிறது. மஞ்சள்கரு ஓட்டில் போய் ஒட்டாதபடி நடுவிலேயே தொங்க வைக்கும் கயிறு அது.

படித்ததைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு முட்டையை உடைத்து, வெள்ளையை ஒரு கிண்ணத்திலும் மஞ்சளை ஒரு கிண்ணத்திலும் ஊற்றி மூடி, ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் மஞ்சள் கிண்ணத்தைத் திறந்தால் கிட்டே போக முடியவில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு நாற்றமும் இல்லை. அயித்தையைக் கூப்பிட்டு இரண்டையும் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். (பிறகு இரண்டையும் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவி, கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். நீங்கள் செய்து பார்த்தாலும் இதை மறக்காதீர்கள்.)

அயித்தை லேசுப்பட்டவர்கள் இல்லை. "நீ சொல்றபடி இம்புட்டுக் காவல் இருக்குன்னா, பச்சையாக் குடிச்சா மட்டும் கிருமி எங்கிட்டு இருந்து வருதாம்?" என்று கேட்டார்களே பார்க்கலாம்! நியாயமான கேள்விதான். பதில் சொன்னவள் என் மூத்த மகள்.

எல்லாக் கிருமிக்கும் ஒரே சுவர் இல்லை. சால்மோனெல்லா என்று ஒரு வகை உண்டு. அதன் சுவருக்கு வெளியே இன்னொரு போர்வையும் இருப்பதால் லைசோசைமின் கத்தி சுவர் வரை சுலபமாக எட்டுவதில்லை. அதோடு, இதில் ஒரு வகை ஓட்டைத் துளைத்துக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. கோழியின் சினைப்பையிலேயே இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். அந்தக் கோழி பார்க்க நல்ல ஆரோக்கியமாகவே இருக்கும். வெள்ளைக்கரு அந்தக் கிருமியைப் பெருக விடாமல் அடக்கி வைக்கும். ஆனால் ஒழித்துவிடும் என்று நம்ப முடியாது. நாளாக ஆக, வெயில் பட, மஞ்சள்கருவின் மெல்லிய உறை தளர்ந்து அதன் சத்து கசிய ஆரம்பித்தால், அடங்கிக் கிடந்த கிருமிக்கு விருந்துதான். எல்லா முட்டையிலும் இப்படி இருக்காது. எத்தனையோ முட்டையில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். எது அந்த ஒன்று என்று பார்வைக்குத் தெரியாது. நாலு தலைமுறை தப்பித்ததும், என் தம்பி மகள் படுத்ததும் இதனால்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் தமிழ்நாடு அரசாங்கம், பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காரணம் இதே பயம்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கோழி வைத்த காவல் குஞ்சுக்காக வைத்த காவல், நமக்காக இல்லை. கிருமிக்குப் பயோட்டின் கிடைக்காமல் செய்யும் அவிடின், பச்சையாகக் குடித்தால் நமக்கும் கிடைக்காமல் செய்யும். நாள் தவறாமல் பல முட்டைகளின் வெள்ளைக்கருவைப் பச்சையாகக் குடித்தவர்களுக்குத் தோலில் தடிப்பும் முடி உதிர்வும் வந்ததுண்டு. பச்சை முட்டையின் புரதம் சரியாக ஜீரணமாவதும் இல்லை. பெல்ஜியத்தில் செய்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், வேக வைத்த முட்டையின் புரதம் 100க்கு 91 பங்கு ஜீரணமானது. பச்சை முட்டையில் 51 பங்குதான்! பிள்ளைக்கு வலு வேண்டும் என்று பச்சையாகக் கொடுத்தால் பாதிக்குப் பாதி வீணாகிறது. வேக வைத்தால் அவிடினின் பிடி தளர்கிறது, கிருமியும் சாகிறது, சத்தும் ஒட்டுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் சத்துணவோடு பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அவித்த முட்டைதானே!

அயித்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. எழுந்து போய், தாமே முட்டையை அவித்து உரித்து, நாலாய் அரிந்து, நல்லெண்ணெய் விட்டு, மிளகும் உப்பும் தூவிக் கொண்டுவந்து பேத்தி கையில் கொடுத்தார்கள். "எண்ணெய் பச்சையா விடலாமா, அதுக்கும் புத்தகம் இருக்கா?" என்று பெரியவளை ஒரு பார்வை பார்த்தார்கள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் தோற்றது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தம் என்று நினைத்துக்கொண்டு, வாங்கி வந்த முட்டையை உடனே குழாயில் கழுவி அடுக்கி வைப்பது என் வழக்கம். அயித்தை கழுவவே விட மாட்டார்கள். காய்ந்த துணியால் துடைத்து, உமி போட்ட பானையில் வைப்பார்கள். "பழைய காலத்து மனுஷி" என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். நான் வைத்த முட்டைதான் முதலில் கெடும்! காரணம் இப்போதுதான் புரிந்தது. கழுவும்போது கோழி பூசிய மேல்பூச்சு போய்விடுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே சுருங்கி, வெளியில் உள்ள அழுக்குத் தண்ணீரைத் துளை வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். ஆனால் அது தகுந்த சூட்டில் கழுவி, அதன் பிறகு விடாமல் குளிரிலேயே வைத்து விற்பது. ஐரோப்பிய நாடுகளில் கடைக்கு வரும் முட்டையைப் பொதுவாகக் கழுவுவதில்லை. இரண்டு முறைக்கும் நடுவில் நின்றுகொண்டு, கழுவிவிட்டு வெயிலில் வைத்தவள் நான்!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த லைசோசைம் தாய்ப்பாலிலும் இருக்கிறது. பசும்பாலில் இருப்பதைவிட மிகப் பல மடங்கு அதிகம். இரும்பைப் பிடித்து வைக்கும் அந்தச் 'சாவிக்கார ஆச்சி'க்கும் தாய்ப்பாலில் ஒரு தங்கை உண்டு. அவள் பெயர் லாக்டோஃபெரின். பிள்ளை பெற்றதும் வரும் சீம்பாலில் அவள் ஏராளம். கோழி தன் குஞ்சுக்கு ஓட்டுக்குள் வைத்து அனுப்பும் காவலை, நாம் பாலில் வைத்துக் கொடுக்கிறோம். அதனால் மஞ்சளாக இருக்கிறதே என்று சீம்பாலை யாரும் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசியாகச் சில குறிப்புகள்:

• முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். கழுவுவதானால் உடைப்பதற்குச் சற்று முன்பு போதும். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

• விரிசல் விட்ட முட்டை விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கோட்டை மதில் இடிந்துவிட்டது என்று அர்த்தம்.

• வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்தால் அங்கேயே இருக்கட்டும். வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தால் ஓடு வேர்த்து ஈரமாகும்.

• கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் பச்சை முட்டையும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட வேண்டாம். மஞ்சள்கரு கெட்டியாகும் வரை வேகட்டும்.

• குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து முதன்முதலில் முட்டை கொடுக்கும்போது நன்றாக வேக வைத்து, துளியூண்டு கொடுத்துப் பாருங்கள். தோல் தடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

• வெள்ளைக்கரு கிருமியைக் கொல்லும் என்றேனே என்று தீக்காயத்திலும் புண்ணிலும் தடவிவிடாதீர்கள். சால்மோனெல்லா அங்கேயும் வரலாம். சூடு பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

என் இளையவள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். அவள் அதோடு விடுவாளா? "அப்படின்னா அந்த ஒண்ணு மட்டும் ஏம்மா கூமுட்டை ஆச்சு?" என்கிறாள். சேவல் சேராத முட்டையா, விரிசல் விட்டதா, இல்லை எந்தக் காவல் எங்கே தூங்கிற்றோ! அடுத்த அடைக்கு முட்டை வைக்கும்போது ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வைக்கலாம் என்று அயித்தை சொல்லியிருக்கிறார்கள். அவளும் அப்பத்தாவும் கொல்லையில் இப்போதே இடம் பார்க்கிறார்கள்.

வரட்டுமா சகோதரிகளே, அடுத்த இதழில் பார்க்கலாம்.